உறுப்பினர் இலக்கம் 217

சட்ட மாணவர் நூல்நிலையம்
புதுக்கடை, கொழும்பு 12
09.10.1984

உறுப்பினர் இலக்கம் 217, சு. பரமேஸ்வரன் அவர்களுக்கு,

தாங்கள் இரவல் பெற்ற ‘சாட்சியச் சட்டம், பிரதி 3’ என்னும் நூல் தவணை கடந்தும் திரும்பி வரவில்லை. நூல் ஒப்படைக்கப்படும் வரை டிசம்பர் மாதப் பரீட்சை விண்ணப்பத்தில் நூல்நிலையத்தின் கையொப்பம் இடப்படமாட்டாது என்பதை அறியவும்.

குறிப்பு: வெளிமாவட்ட உறுப்பினர்கள் தமக்குத் தேவையான சட்ட விளக்கங்களையும் வழக்கு அறிக்கைகளின் பிரதிகளையும் தபால் மூலம் கேட்டுப் பெறலாம். உறுப்பினர் இலக்கத்தைத் தவறாமல் குறிப்பிடவும்.

க. கமலேஸ்
உதவி நூலகர்

(தம்பி, இந்தப் பிரதிக்கு நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குப் போனால் எங்களை மறந்துவிடுவதா? கெதியாக அனுப்பும்.)


நெடுங்கேணி
17.10.1984

நூல்நிலையம் ஐயா அவர்களுக்கு,

உறுப்பினர் இலக்கம் 217. நான் பரமேஸ்வரனின் அக்கா ராக்காயி எழுதிக்கொண்டது. நீங்கள் அனுப்பிய கடிதாசி கிடைத்தது. தம்பி வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான். அதனால் நான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் படித்தேன், ஆனால் இது என் சொந்த எழுத்து. யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை.

புத்தகத்தை இன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கலண்டர் தாளில் புது அட்டை போட்டு, ஈரம் படாமல் பொலித்தீன் சுற்றியிருக்கிறேன். ஒரு தாளும் மடங்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். தாமதமானதற்கு அவன் மேல் குற்றம் சொல்லக் கூடாது. குற்றம் எங்கள் வீட்டுடையது. என் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பேர் வைக்கிற நாளுக்கு வா என்று நான்தான் அவனைக் கூப்பிட்டேன். நாற்பத்தாறு வயதில் எனக்குப் பேரன் வந்துவிட்டான். அந்தப் பெருமையில் கூப்பிட்டுவிட்டேன்.

எங்கள் அப்பா சுடலைமுத்து ரத்தோட்டையில் தேயிலைக் கொழுந்து நிறுத்துத் தேய்ந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் காட்டோரத்துக்கு வந்தோம். அம்மா செத்தபோது தம்பிக்கு மூன்று வயது, வளர்த்தது நான். எங்கள் லயக் குடியிருப்பிலிருந்து சட்டம் படிக்கப் போன ஒரே பிள்ளை அவன். பரீட்சைக் கடிதாசியில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் ஐயா. அவன் பெயரை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சு. ராக்காயி


கொழும்பு
29.10.1984

அன்புள்ள ராக்காயி அக்காவுக்கு,

புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. முதலில் ஒன்று. நான் ஐயா இல்லை. கமலேஸ்வரி. கையெழுத்தை அரைகுறையாகப் போடும் பழக்கம் என்னுடையது. எனக்கும் ஊர் உங்கள் பக்கம்தான், முள்ளியவளை. பத்து வருடமாக இங்கே வேலை.

அட்டையைப் பார்த்துவிட்டு எங்கள் பெரிய நூலகர், இனி எல்லாப் புத்தகத்தையும் நெடுங்கேணிக்கு அனுப்பி அட்டை போட்டு எடுப்போமா என்று கேட்டார். கலண்டர் முருகன் வாசிப்பறையில் எல்லாருக்கும் அருள்பாலித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சின்ன விஷயம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த திகதித் தாளைக் காணவில்லை. பரவாயில்லை, புதுத் தாள் ஒட்டிவிட்டேன். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் பரீட்சை விண்ணப்பத்தில் தம்பி தானே கையெழுத்திட வேண்டும். நவம்பர் பதினைந்தோடு முடிகிறது. வேலைக்குப் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது வேலைக்குப் போகிற ஆள் இல்லை அவன். வாசிப்பறை பூட்டும்போது அவனை எழுப்பி அனுப்புவதே எனக்கு ஒரு வேலை. எங்கே இருக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். இந்தக் கடிதத்தை நூல்நிலையக் கோப்பில் போடமாட்டேன்.

அன்புடன்,
கமலேஸ்வரி


நெடுங்கேணி
08.11.1984

தங்கச்சி கமலேஸ்வரிக்கு,

இலக்கம் 217. நான் பொய் எழுதினேன். தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய் இன்றோடு ஐம்பது நாள் ஆகிறது. தெரிந்தால் உங்கள் ஏட்டில் பெயரை வெட்டிவிடுவீர்கள் என்று பயந்துதான் மறைத்தேன்.

செப்டம்பர் இருபதாம் திகதி, வியாழக்கிழமை பகல். பேரனை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான். ஜீப்பில் வந்தவர்கள் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன், ரத்தோட்டையில் பிறந்து கொழும்பில் படிக்கிறவனுக்கு இந்தக் காட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டான். “அக்கா வீடு” என்றான் தம்பி. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான். ஏற்றும்போது என்னைப் பார்த்து, “புத்தகம் நனையாம பாத்துக்கோங்க அக்கா, ரெண்டு நாள்ல வந்துருவேன்” என்றான்.

எங்கள் கிராம சேவகர் பாலன் தம்பி நல்ல மனிதர். வவுனியா முகாமுக்கு நாலு தரம் என்னோடு வந்தார். போன கிழமைதான் காரணம் தெரிந்தது. “அக்கா, பன்ரெண்டாந் திகதி புதன்கிழமை மதகுக்குக் குண்டு வைச்ச இடத்தில இவன் நிண்டவன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினமாம். நான் கதைச்சுப் பார்த்தன், என்ர சொல்லு அவங்களிட்ட எடுபடேல்ல” என்றார். பன்னிரண்டாம் திகதி அவன் கொழும்பில் இருந்தான் தங்கச்சி. பதினாலாம் திகதி காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கினான். இதை நான் சொன்னால், அக்கா அப்படித்தான் சொல்லும் என்று சிரிக்கிறார்கள்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைக் கிழித்தது நான். கிழிக்கவில்லை, சோற்றுப் பானை ஆவியில் காட்டி மெல்ல உரித்தேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோல் ஏட்டில் சிவப்பு மையில் குறித்தால் அது அரைப்பேர், பாதிக் கூலிதான். கொழுந்து குறைந்த நாள், பிந்தி வந்த நாள், எல்லாம் சிவப்பில் விழும். அப்பாவின் பெயருக்கு நேரே நிறையச் சிவப்பு. புத்தகத்தின் கடைசியில் திகதி திகதியாகச் சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் தம்பி பிந்திய நாளையெல்லாம் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். என் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்று அடுப்பில் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தபாலில் சட்டம் கேட்கலாம் என்று உங்கள் கடிதாசியில் இருக்கிறது. அவன் இலக்கத்துக்கு நான் கேட்கிறேன். ஒரு ஆளைப் பிடித்தால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? எங்கே கேட்பது? யார் பெயரில் கேட்பது?

ராக்காயி


கொழும்பு
15.11.1984

அன்புள்ள அக்கா,

உங்கள் கேள்விகளுக்குப் பதில் முதலில். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கட்டளை இருந்தால் மூன்று மூன்று மாதமாக நீட்டிப் பதினெட்டு மாதம் வரை வைத்திருக்கலாம். ஆனால் ஆள் எங்கே, ஏன் வைத்திருக்கிறார்கள் என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்க வழி உண்டு. அதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர். ஆளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்துங்கள் என்று கேட்பது. கூடப் பிறந்தவள் கேட்கலாம், உங்கள் பெயரிலேயே கேட்கலாம். பழைய வழக்குகள் மூன்றின் பிரதியைத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் சுருக்கம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். எங்கள் நூல்நிலையத்துக்கு வரும் சட்டத்தரணி தங்கராசாவிடம் பேசினேன். மனுவை அவர் எழுதித் தருவார்.

இனி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். அந்தச் சிவப்பு முத்திரைகள் குற்றக் கணக்கு இல்லை அக்கா. ஒருவர் புத்தகம் எடுக்கும் நாளிலிருந்து பதினாலாம் நாளை, திருப்பித் தர வேண்டிய நாளாக, அந்தத் தாளில் அடிப்போம். தம்பிக்கு அடித்தது கடைசி முத்திரை, செப்டம்பர் இருபத்தாறு. அப்படியென்றால் எடுத்த நாள் பன்னிரண்டு. புத்தகத்தோடு ஒரு இரவல் அட்டையும் உண்டு, அதில் எடுப்பவர் கையெழுத்து மட்டும் போடுவார், திகதி இருக்காது. புத்தகம் வெளியே இருக்கும் வரை அட்டை எங்களிடம், அந்தத் திகதிக்குரிய அட்டைக் கட்டோடு நிற்கும். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், கட்டும் கலைந்துவிடும். உங்களுக்கு அனுப்பிய அறிவித்தல் அச்சடித்த படிவம், அதிலும் புத்தகம் எடுத்த திகதி எழுதும் வழக்கமில்லை. பன்னிரண்டாம் திகதி அவன் கொழும்பில் நின்றான் என்பதற்கு இருந்த ஒரே காகிதம் அந்தத் தாள்தான்.

இதை மறைத்திருக்கலாம். தங்கராசா தன் வாயால் உங்களுக்குச் சொல்வதைவிட நான் எழுதுவது நல்லது என்று நினைத்தேன்.

எனக்கு அந்தப் புதன்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு விடுப்பில் போய்த் திரும்பிய முதல் நாள். கடைசியாக வந்தவன் அவன்தான். அக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், ஊருக்குப் போகிறேன், இரண்டு நாள் பிந்தினால் பேசக்கூடாது என்று சொல்லி முத்திரையை அவனே எடுத்து என் கையில் தந்தான். இதைச் சத்தியக் கடதாசியாக எழுதித் தர முடியுமா என்று தங்கராசா கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போன வருட ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இந்த ஊரில் என் பெயரை உரக்கச் சொல்லவே எனக்குப் பயம். உண்மையை எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

கமலேஸ்வரி


நெடுங்கேணி
24.11.1984

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுப்புச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டியிருந்தேன். அதைப் போய்க் கிளறிப் பார்த்தேன். காகிதம் சாம்பலில் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கிளறினேன். மருமகன் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை வவுனியா முகாம் வாசலுக்குச் சோறும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். இங்கே இல்லை, தெற்கே கொண்டுபோய்விட்டோம் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். பெரிய ஊர் என்றான். சோற்றைத் திருப்பித் தந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவருக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் மகனைத் தேடித்தான் வந்திருந்தார்.

நீங்கள் பயப்படுவதில் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நான் ஒன்றுமில்லாத முத்திரைக்கே பயந்தவள். உங்களுக்கு வேலை இருக்கிறது, ஊரில் ஆட்கள் இருப்பார்கள். முடியாவிட்டால் முடியாது என்று எழுதுங்கள். கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கொழும்பு முத்திரை விழுந்த கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

மனுவில் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன்.

ராக்காயி


கொழும்பு
20.12.1984

அன்புள்ள அக்கா,

சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டுவிட்டேன். முழுப் பெயரும் எழுதினேன். அம்மாவின் திவசத்துக்கு எடுத்த விடுப்புக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்திருக்கிறோம். மனு பதிவாகிவிட்டது, தவணை ஜனவரி 28.

காகிதமாக இருந்தால் யாரும் போய் அதைப் பயமுறுத்த முடியாது, ஆளைப் பயமுறுத்தலாம் என்று தங்கராசா சொன்னார். அதற்கென்ன, பயந்துகொண்டே சொல்கிறேன் என்றேன். பெரிய நூலகர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு, மாணவர்களோடு பேசும் வேலை இனி வேண்டாம், பின்னறையில் கிழிந்த புத்தகம் ஒட்டும் வேலையைப் பார் என்றார். பின்னறையில் காற்றோட்டம் இல்லை, ஆனால் உங்களுக்குத் தட்டச்சு செய்ய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தம்பியின் பரீட்சை போய்விட்டது. அதற்கு விண்ணப்பம் மீண்டும் ஜூனில் போடலாம். உறுப்புரிமையை ஒரு வருடத்துக்கு நீடித்திருக்கிறேன்.

நெடுங்கேணிப் பக்கம் ஆட்களை ஊரைவிட்டு எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பதில் இல்லாவிட்டால் எங்கே எழுதுவது என்று தெரியாது.

கமலேஸ்வரி


மே/பா. ஞானேஸ்வரி, தையல் கடை,
மாங்குளம்
12.01.1985

தங்கச்சிக்கு,

இனி இந்த விலாசத்துக்கு எழுதுங்கள். அங்கே இருக்க முடியவில்லை. மிளகாய்க் கன்றெல்லாம் பூத்து நின்றன, அப்படியே விட்டுவிட்டு வந்தோம். ஞானேஸ்வரி மருமகனின் அத்தை. கடைக்குப் பின்னால் ஒரு கொட்டில் தந்திருக்கிறா. இங்கே எல்லோரும் ஓம் ஓம் என்கிறார்கள், நான் ஆமா என்றால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கின்றன. சிரிக்கட்டும்.

நீங்கள் முழுப் பெயரும் எழுதினேன் என்று எழுதியதை நான் எத்தனை தரம் படித்தேன் தெரியுமா? உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த சொல் எதுவும் போதாது, அதனால் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் திகதி அவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் அல்லவா? நீங்கள் கிட்டத்தில் நின்றால், பேரன் குப்புற விழப் பழகிவிட்டான் என்று சொல்லுங்கள். பெயர் வைத்த நாளில் தம்பி அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு, இவனுக்கு எப்போது அடையாள அட்டை கிடைக்கும் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தான். தம்பிக்கு உடுக்க நீலச் சாரமும் ஒரு சட்டையும் தைத்து வைத்திருக்கிறேன், அவனுக்குப் பெரிதாக இருக்குமோ என்னவோ. மெலிந்திருப்பான்.

ராக்காயி


கொழும்பு
02.02.1985

அன்புள்ள அக்கா,

அவனைக் கொண்டுவரவில்லை.

அரசாங்கச் சட்டத்தரணி ஒரு பதிவேட்டின் பிரதியைக் காட்டினார். டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சு. பரமேஸ்வரன் விடுவிக்கப்பட்டார் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கையெழுத்து. ஆள் எங்களிடம் இல்லை, ஆகவே மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்றார். அவன் உங்களிடம் வந்திருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். ஐம்பத்து மூன்று நாளாக ஒரு கடிதம் கூட இல்லாமல் இருக்கிற பிள்ளையா அவன்?

தங்கராசா அந்தப் பிரதியை எனக்குக் காட்டினார். நான்கு வருடமாக அவன் கையெழுத்தை வாங்கியவள் நான். அவன் இடதுகைக்காரன். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து விழும், மை காய்வதற்குள் கை பட்டு இழுபட்டிருக்கும். அவன் கையெழுத்திட்ட அட்டையைத் தொட்டால் என் விரலிலும் மை ஒட்டும், அதற்கு எத்தனை தரம் ஏசியிருப்பேன். பதிவேட்டில் இருந்தது வலப்பக்கம் சாய்ந்த, சுத்தமான, அழகான கையெழுத்து.

அதன் பிறகு ஐந்து நாள், வேலை முடிந்ததும், அவன் இதுவரை எடுத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். சிலவற்றை நானே ஒட்டித் திருத்தியிருக்கிறேன். முப்பத்தொரு அட்டையில் அவன் கையெழுத்துக் கிடைத்தது. முப்பத்தொன்றும் ஒரே மாதிரி.

பதிவேட்டுக் கையெழுத்து என் தம்பியுடையது அல்ல என்று மனுக்காரி சொன்னால் நீதிமன்றம் விசாரிக்க வேண்டி வரும், அட்டைகளைச் சாட்சியாக வைக்கலாம் என்கிறார் தங்கராசா. மனுக்காரி நீங்கள். நீங்கள் சொல்லாமல் நாங்கள் எதுவும் செய்ய முடியாது. அடுத்த தவணை மார்ச் 18. அதில் சொல்லாவிட்டால் மனு முடிந்துவிடும்.

அப்படிச் சொல்வது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் அக்கா. பதிவேட்டுப் பிரதியின் படத்தையும் வைத்திருக்கிறேன். பாருங்கள்.

கமலேஸ்வரி


மாங்குளம்
11.02.1985

நூல்நிலையம் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சொல்லமாட்டேன்.

அவர்கள் விட்டுவிட்டோம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அரசாங்கமே எழுதித் தந்த பிறகு, இல்லை, விடவில்லை என்று நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? விட்டிருப்பார்கள். இடது கையை உடைத்திருப்பார்கள், அதனால் வலது கையால் போட்டிருப்பான். அந்தக் கையோடு என் முன்னால் வர வெட்கப்பட்டு எங்கேயாவது வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பான். நெடுங்கேணிக்குப் போயிருப்பான், அங்கே நாங்கள் இல்லை. பாலன் தம்பியும் இடம் மாறிப் போய்விட்டார், யாரிடம் விசாரிப்பான்? மன்னாரில் வள்ளம் ஏறி அக்கரைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஞானேஸ்வரியின் கடைக்கு வந்த ஒருத்தி, இவனைப் போல ஒரு பிள்ளையை மடு மாதா கோயிலடியில் கண்டேன் என்று சொன்னாள். நாளைக்கு மடுவுக்குப் போகிறேன்.

அந்தக் கையெழுத்து அவனுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் படித்தவர்கள். அட்டை அட்டையாகத் தேடி எடுத்து, அவன் வெளியே வரவில்லை என்று எழுதி நிறுவப் பார்க்கிறீர்கள். வெளியே வராவிட்டால் பிறகு எங்கே இருக்கிறான்? அந்தக் கேள்விக்கு உங்கள் நூல்நிலையத்தில் புத்தகம் இருக்கிறதா? இனி இலக்கம் 217 உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

சு. ராக்காயி


கொழும்பு
20.02.1985

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொல்வது போலவே இருக்கட்டும். தங்கராசாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

முப்பத்தொரு அட்டைகளையும் அந்தந்தப் புத்தகத்துக்குள் திருப்பி வைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைக்கவில்லை. முதல் வருடம், முதல் நாள், முதல் புத்தகத்துக்குப் போட்ட கையெழுத்து. அதை உங்களுக்கு அனுப்புகிறேன். வழக்குக்கு இல்லை. அவன் எழுதியது, உங்களிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். விதிப்படி நான் செய்வது பிழை, நூல்நிலைய உடைமையை வெளியே கொடுக்கக் கூடாது. கேட்டால் தொலைந்துபோனது என்று சொல்வேன்.

மடுவுக்குப் போனீர்களா? நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

கமலேஸ்வரி


மாங்குளம்
09.03.1985

தங்கச்சி கமலேஸ்வரிக்கு,

மடுவில் கண்ட பிள்ளை வேறு யாரோ. நல்ல பிள்ளை. என்னை இருத்தித் தேத்தண்ணீர் வாங்கித் தந்து, பஸ்ஸும் ஏற்றிவிட்டான்.

திரும்பி வந்து சில நாளில் உங்கள் கடிதம் வந்தது. இரண்டு கிழமையாக அந்த அட்டையும் பதிவேட்டுப் படமும் என் தலையணைக்குக் கீழே இருந்தன. எடுத்துப் பார்க்கவில்லை. நேற்று ஞானேஸ்வரி, “பாக்கப் பயமெண்டா என்னட்டத் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்” என்றா. அதைக் கேட்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பகலில், கடை வாசலில், வெளிச்சத்தில் வைத்து இரண்டையும் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தங்கராசா ஐயாவுக்கும், அரசாங்கத்துக்கும் தெரியாது. தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நான். சிலேட்டில் ஆனா போட இடது கையை நீட்டினான். பீச்சாங்கையால் சரஸ்வதியைத் தொடுவாயா என்று அடித்தேன். ஒரு வருடம் முழுக்க அந்தக் கையைத் துணியால் இடுப்போடு கட்டி, வலது கையால் எழுதவைத்தேன். அவன் அழுதுகொண்டே எழுதுவான். வரவேயில்லை தங்கச்சி. ஒரு எழுத்து மலையாக நிற்கும், அடுத்தது சிலேட்டை விட்டே ஓடிவிடும். கடைசியில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையின் வலது கையால் எந்தக் காலத்திலும் எழுத வராது, விட்டுவிடு என்றார். அன்றைக்கு அவிழ்த்துவிட்டேன்.

போன கடிதத்தில் அவன் வலது கையால் போட்டிருப்பான் என்று எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். அந்தப் படத்தில் இருக்கிற அழகான கையெழுத்து அவன் இடது கையுடையதும் இல்லை, வலது கையுடையதும் இல்லை. உங்கள் முப்பத்தொரு அட்டையும் இடது கைக்குத்தான் சாட்சி. கை உடைந்திருக்கும் என்று அவர்கள் சொன்னால் அட்டை என்ன பதில் சொல்லும்? வலது கைக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி.

ஒருத்தன் எழுதாத கையெழுத்தை அவனுக்காக இன்னொருத்தன் போட்டால், அவன் அப்போது எங்கே இருந்தான்? இதைக் கேட்காமல் இருந்தால் நான் இன்னும் பத்து வருடம் மடுவுக்கும் மன்னாருக்கும் போய்வரலாம். ஒவ்வொரு தரமும் ஒரு நல்ல பிள்ளை தேத்தண்ணீர் வாங்கித் தரும். ஆனால் அவனைக் கொண்டுபோனவர்கள், விட்டாயிற்று என்று ஏட்டை மூடிவிட்டு இருப்பார்கள். சட்டம் படிக்கப் போன பிள்ளை. அவன் விஷயம் பொய்யில் முடியக் கூடாது.

மனுவை முடிக்க வேண்டாம் என்று தங்கராசா ஐயாவிடம் சொல்லுங்கள். நான் வருகிறேன். பதினேழாம் திகதி வவுனியாவிலிருந்து பஸ், மருமகன் கூட வருகிறான். தங்க இடம் பார்க்க வேண்டாம், கோயில் மடம் ஏதாவது இருக்கும். போன கடிதத்தில் உங்களை அம்மா என்று தள்ளி வைத்து எழுதியதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். ஆனாலும் நேரில் சொல்வேன்.

மற்ற முப்பது அட்டைகளையும் திரும்ப எடுத்து வையுங்கள். உங்களுக்கு இரட்டை வேலை.

ஒரு உதவி கேட்கிறேன். சாட்சிக் கூட்டில் ஏற்றி என்னைக் கேட்பார்களாம். நான் அந்தத் துணி கட்டிய கதையைச் சொல்லி, அவன் கையெழுத்து இது இல்லை என்று சொல்லும் வரைக்கும் நீங்கள் என் கண்ணில் படாதீர்கள். பின் வரிசை வாங்கில் எங்கேயாவது இருங்கள். உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன். தம்பி இல்லை என்று அவனுடைய அக்கா சொன்னாள், அழாமல் சொன்னாள் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். சொல்லி முடித்த பிறகு முன்னால் வாருங்கள்.

உங்கள் அக்கா,
ராக்காயி